கல்லும் சுண்ணாம்பும்

ஏஞ்சல் மீனையும் பவளத்தையும் ஒரே தொட்டியில் வைக்காதே என்று எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் இருந்த சீனப் பெரியவர். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் கடல்நீர்த் தொட்டி இருந்தது. 2013ஆம் ஆண்டு ஒருநாள் மாலை, லிஃப்டில் அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் ஏதோ அசைவதைப் பார்த்து நான் கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "ஏஞ்சல் ரொம்ப அழகு. ஆனால் பவளத்தைக் கொத்தும். சில மீன்கள் கொத்தாது. எது கொத்தாது என்பது அது கொத்தின பிறகுதான் தெரியும்" என்றார். எட்டு வருடம் கழித்து நான் அந்த மீனை வாங்கியபோது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

சிங்கப்பூரில் பவளத் தொட்டி வைப்பது ஒருவகையில் அபத்தமான காரியம். தீவைச் சுற்றிக் கடல். தெற்கே படகில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய புலாவ் ஹந்துவில் பவளத்திட்டுகள் இருக்கின்றன. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் பேய்த்தீவு என்று பொருள். எதிரே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் நீருக்குள் பவளம். அந்த நீர் கலங்கியது, வெதுவெதுப்பானது. அங்குள்ள பவளங்கள் அதற்குப் பழகியவை. நாம் கடையில் வாங்கும் பவளங்கள் அப்படியல்ல. அவற்றுக்கு நீர் இருபத்தாறு பாகையைத் தாண்டக் கூடாது. எங்கள் கூடத்தின் வெப்பம் முப்பதுக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஆகவே தொட்டிக்கென்று ஒரு சில்லர், அதாவது நீரைக் குளிர்விக்கும் இயந்திரம், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அது நீரிலிருந்து எடுக்கும் சூட்டையெல்லாம் கூடத்தில் கொட்டும். கூடம் சூடாவதால் அது மேலும் ஓடவேண்டும். இந்தக் கணக்கை என் மனைவி ஒரு தடவை மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார்: கடலிலிருந்து உயிருள்ள பாறைத்துண்டுகளையும் கடல்நீரையும் கொண்டுவந்து, காற்றுக்குமிழியும் வெயிலும் மட்டும் கொடுத்து, பவளங்களைத் தொட்டியில் வாழவைக்கலாம் என்று. வடிகட்டும் வேலையைப் பாறைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும். இன்று நாங்கள் செய்வதெல்லாம் அவர் சொன்னதன் மேல் ஏற்றிவைத்த இயந்திரங்கள்தான். நீரிலிருந்து கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்ற ஒன்று, அலையை உண்டாக்க ஒன்று, ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக நன்னீர் சேர்க்க ஒன்று. வாரம் ஒருமுறை ஐம்பது லிட்டர் மாற்றவேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போவதென்றால் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டு, விமானத்தில் அமர்ந்து மின்சாரம் போய்விட்டதாகக் கனவு காணவேண்டும்.

பவளம் ஒரு விசித்திரப் பிறவி. பார்க்கச் செடி. உள்ளபடிக்கு விலங்கு, ஜெல்லி மீன்களின் உறவு. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து சமைத்த உணவில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுக்கின்றன. பகலில் பாசி ஊட்டும் உணவு, இரவில் கொடுக்குகளால் பிடிக்கும் இரை, இவற்றோடு அது தனக்குக் கீழே ஒரு கல்வீட்டைக் கட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கல் சுண்ணாம்புக்கல். அகராதியில் முருகைக்கல் என்ற நல்ல பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் வெறும் கல்.

2014இல் பெரியவர் எனக்குக் கொடுத்தது ஹேமர் கோரல் என்று கடைக்காரர்கள் சொல்லும் கிளைப்பவளம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வாய். அதைச் சுற்றி விரல் நீளத்தில் பச்சைக் கொடுக்குகள், ஒவ்வொன்றின் முனையிலும் சுத்தியலின் தலை போன்ற மழுங்கல். நீரோட்டத்தில் அது அசைவதைப் பார்த்தால் நாற்றுவயலில் காற்று போவதுபோல இருக்கும். அவர் தன் தொட்டியில் இருந்ததன் ஒரு கிளையை எலும்பறுக்கும் ரம்பம் போன்ற ஒன்றால் அறுத்துக் கொடுத்தார். இரண்டு தலை. நான்கு வருடத்தில் அது பதினொன்று ஆனது. 2018இல் அவர் காலமானதும், அவருடைய மகன் தொட்டியை வந்தவிலைக்கு விற்று அந்த இடத்தில் சோபா போட்டான். என்னிடம் இருந்தது வளர்ந்துகொண்டே இருந்தது. அறுத்து வைத்தாலும் பவளம் வேறொன்றாகிவிடுவதில்லை. வாங்கியவர்களின் வீடுகளிலெல்லாம் அதே உயிர்தான் இருக்கிறது. 2019இல் யீஷுனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நானும் மூன்று தலைகள் அறுத்துக் கொடுத்தேன். அவள் பணம் தர முற்பட்டபோது, இது எனக்கும் இனாமாக வந்தது என்றேன்.

இனி மீன். ஏஞ்சல் குடும்பத்தில் பலவகை உண்டு. விரல் நீளத்துக்கு மேல் அதிகம் வளராத குள்ள வகைகள், பாறையில் பாசியை மேய்ந்துகொண்டு, மனம் வந்தால் பவளத்தையும் கொத்துபவை. நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை மட்டும் உண்டு, பவளத்தைச் சட்டைசெய்யாத ஜெனிகாந்தஸ் வகை. பிறகு பெரிய ஏஞ்சல்கள். இவற்றுக்குக் கடற்பஞ்சும் பாறையில் ஒட்டியிருக்கும் மென்மையான எதுவும் உணவு. சதைப்பற்றுள்ள பவளத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது என்பதுபோல வாய் சும்மா இருக்காது. கடைகளில் இவற்றுக்குப் 'பவளத்தோடு எச்சரிக்கையாக வைக்கலாம்' என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். யார் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று அதில் எழுதுவதில்லை.

நான் வாங்கியது எம்பரர் ஏஞ்சல். அறிவுள்ளவன் ஜெனிகாந்தஸ் வாங்கியிருப்பான். எனக்கு ஒரு பழைய ஆசை இருந்தது. 1787இல் பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் ப்ளாக் இந்த மீனை விவரித்து, பேரரசன் என்று பொருள்படும் பெயரிட்டார். மஞ்சளும் நீலமுமாக உடல் நெடுகப் படுக்கைக் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு முகமூடி. ப்ளாக் 1799இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற நூலை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் வெளியிட்டார். அதில் நிக்கோபாரின் பெயரால் இன்னொரு மீன் வருகிறது. கருநீல உடல், அதில் கல் விழுந்த குளம்போல வெள்ளையும் இளநீலமுமாய் வட்டத்துக்குள் வட்டங்கள். இரண்டும் ஒரே மீன், பின்னது முன்னதன் குட்டி என்பது வெகுகாலம் வரை யாருக்கும் தெரியாது. வளர்ந்த மீன்கள் தம் எல்லைக்குள் தம் இனத்து இன்னொன்றை விடமாட்டா. குட்டி வேறு சட்டை போட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது என்பது இன்று சொல்லப்படும் விளக்கம். (ப்ளாக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நம் கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ப்ளாக் வைத்த ஜோனியஸ் என்ற பெயர் அவரைக் குறித்துத்தான்.) இரண்டு பெயர்கள் ஒன்றாகும் அந்த மாற்றத்தை என் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் ஏழு சென்டிமீட்டர் குட்டியாக அது வந்தது. ஒட்டுண்ணிகள் போகத் தனித்தொட்டியில் ஒரு மாதம் செம்பு கலந்த நீரில் இருந்தது. பவளங்கள் இருக்கும் நீரில் செம்பைச் சேர்த்தால் அத்தனையும் செத்துப்போகும். பிறகு பெரிய தொட்டிக்கு மாறியது. முதலில் வாலருகே வட்டங்கள் உடைந்தன. வளைந்த கோடுகள் நிமிர ஆரம்பித்தன. சில மாதங்கள் அது எந்த மீனாகவும் இல்லாமல், பாதி அழித்த கோலம்போல இருந்தது. வால் மஞ்சளாயிற்று. பிறகு முகமூடி வந்தது. ஒன்றரை வருடம். அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றும் முன் அதைத்தான் பார்ப்பேன். அந்த ஒன்றரை வருடத்தில் என் மகள் பத்தாம் வகுப்பு முடித்தாள் என்பதை நான் புகைப்படங்களைப் பார்த்துத்தான் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

2022 ஜூலையில் ஹேமர் பவளத்தில் ஒரு தலை விரியவில்லை. நான் நீரைத்தான் சந்தேகித்தேன். உப்பு, காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் எல்லாம் சரியாக இருந்தன. மறுவாரம் மூன்று தலைகள். நான் எதிரில் இருக்கும்போது மீன் நோரித் தாளைக் கிழித்துத் தின்றுகொண்டு நல்ல பிள்ளையாக இருந்தது. பழைய கைபேசியைத் தொட்டியின் முன் சாய்த்து வைத்து, படம்பிடிக்க விட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பிவந்து பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்து, மிக நிதானமாக, ஒரு கொடுக்கின் நுனியை எடுத்தது. உடனே நகர்ந்துவிட்டது. கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று. பசியில் தின்பதாகத் தெரியவில்லை. தாம்பாளத்தில் இருப்பதைப் போகிறபோக்கில் எடுத்து வாயில் போடுவதுபோலிருந்தது.

இரையை அதிகமாக்கினேன். நாளுக்கு நான்கு வேளை, கடற்பஞ்சு சேர்த்து உறையவைத்த உணவு. நீர் கெட்டுப் பாறையெல்லாம் பாசி பிடித்தது. மீன் கொழுத்தது. கொத்துவது நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வந்தாள். கொரோனாவால் மூன்று வருடம் வரமுடியாமல் போய், அந்த ஆகஸ்டில் மூன்று மாத விசாவில் வந்திருந்தாள். கீழக்கரைக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரி. வந்த அன்று சில்லரின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லுக்கா ஏசி போட்டு வச்சிருக்கே? எனக்கு ரூம்ல ஃபேன்தான்" என்றாள்.

அன்றிரவு இன்னொன்றைப் பார்த்தாள். பவளம் கல் கட்டுவதற்கு நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு. நான் கைக்கொள்வது ஜெர்மானியர்கள் பரப்பிய பழைய முறை. கால்க்வாஸர் என்ற பெரிய பெயரில் விற்பது வேறொன்றுமில்லை, சுண்ணாம்புத் தண்ணீர். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, அடங்கவிட்டு, மேலே தெளிந்த நீரைச் சொட்டுச்சொட்டாக இரவில் விடவேண்டும். அம்மா மடியில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து நான் கலக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா அது?"

"சுண்ணாம்பும்மா. இதுகளுக்கு."

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "கல்லச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பாக. நீ சுண்ணாம்பக் கரச்சு ஊத்திக் கல்லு வளக்குறியாக்கும்."

செப்டம்பரில் ஒரு காலை எழுந்தபோது பவளத்தின் மேல் பழுப்புநிறக் கூழ் படர்ந்திருந்தது. காயம்பட்ட ஹேமர் பவளங்களுக்கு வரும் நோய். ஒரு தலையில் தொடங்கினால் நாட்களில் எல்லாவற்றையும் கரைத்துவிடும். நல்ல தலைகளை அறுத்துப் பிரித்து, அயோடின் நீரில் முக்கி, வேறிடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. சமையலறைத் தொட்டிமேடையில் வைத்துக் கழுவியபோது வந்த நாற்றத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அம்மா உள்ளே வந்தாள். மூக்கை மூடவில்லை. வெள்ளையாக மிஞ்சிய கிளைக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பி, அதன் முனையிலிருந்த நட்சத்திரத் தடங்களைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எங்க அய்யா கொண்டாறதுல இதுவும் கெடக்கும். வத்தன அன்னக்கி ஆளுங்கள கூட்டிக்கிட்டு வள்ளத்துல போவாக. கடப்பாரையால நெம்பி எடுத்துக் கரையில கொட்டுனா நாலு நாளைக்கு ஊரே நாறும். கல்லு நாறுமான்னு கேப்பே. நாறும்டா. மீன் செத்த நாத்தம் வேற, இது வேற. காஞ்சு வெளுத்தப்பறந்தான் காளவாய்க்கு ஏத்துவாக."

மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. காப்பரணாக இருந்த பவளத்திட்டுகளை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. இன்று எங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கும் துண்டு ஒன்றைப் பையில் போட்டாலும் குற்றம். இங்கே இந்தோனேசியக் கடலில் வெட்டியதை ரசீதோடு வாங்கி வரலாம். மூழ்கிய அந்தத் தீவுகளைப் பற்றி நான் மிகுந்த சினத்தோடு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வெட்டியவர்கள், வாங்கியவர்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். என் தாத்தா வரமாட்டார். அவர் சுண்ணாம்பு வியாபாரம் செய்தார் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. தனுஷ்கோடியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைக் காட்டி, பாருங்கள் பவளக்கல் என்று நண்பர்களுக்கு விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை.

"அந்தக் காசுலதான் எனக்கு நக போட்டு ஒங்கப்பாவுக்குக் கட்டிக்குடுத்தாக" என்றாள் அம்மா. அந்த நகையை அடகு வைத்துத்தான் நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அதை அவள் சொல்லவில்லை.

மீனைப் பிடிக்க முடிவுசெய்தேன். தொட்டியில் மீதமிருந்த பவளங்களுக்கும் அதே கதி வரும் என்பது ஒரு காரணம். அது நாற்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன், இந்த ஐந்தடி அதற்குச் சிறை என்பது இன்னொரு காரணம். இரண்டாவது, வாங்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. தெம்பனிஸில் ஒருவர் பவளம் இல்லாமல் பெரிய மீன்களுக்கென்றே எட்டடித் தொட்டி வைத்திருந்தார். எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் பாறைகளுக்கு இடையில் ஏஞ்சல் மீனைப் பிடிப்பது எளிதல்ல. பொறி வைத்தேன். இரண்டு வாரம் பொறியின் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு நீரை வாளிகளிலும் தொட்டிகளிலும் இறைத்து, மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். மகள் ஈரத்துணியைப் பவளங்களின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பாறையை நகர்த்தியபோது மீன் மூலையில் ஒடுங்கி ஓர் ஒலி எழுப்பியது. கதவை முட்டியால் தட்டுவதுபோல, டொக், டொக். எம்பரர் மீன்கள் மிரண்டால் அப்படி ஒலி எழுப்பும் என்று படித்திருந்தேன். கேட்டதில்லை.

"பேசுதுடா" என்றாள் அம்மா. டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

வலை அதன் கன்னமுள்ளில் மாட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் டப்பாவால்தான் அள்ளினேன். அது இப்போது அந்த எட்டடியில் ஒரு சாண் நீளத்தைத் தாண்டிவிட்டது. அவர் எப்போதாவது வீடியோ அனுப்புவார். முகமூடி நன்றாகக் கறுத்திருக்கிறது.

அம்மா ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு யீஷுன் பெண்ணைக் கூப்பிட்டு, கேட்கத் தயங்கிக்கொண்டே கேட்டேன். அவளிடம் மூன்று தலை பதினான்கு ஆகியிருந்தது. "அங்கிள், இது உங்களுடையதுதானே" என்று நான்கு தலைகளை அறுத்துக் கொடுத்தாள். என்னுடையது இல்லை என்று சொல்லவந்து, நான்காம் தளத்துக் கதையைச் சொன்னேன். எம்.ஆர்.டி.யில் குளிர் அதிகம். பையைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த குழந்தை என் வயிற்றில் பச்சையாக என்னவோ இருக்கிறது என்று தன் அம்மாவிடம் சொன்னது. பழைய இடத்திலேயே வைத்தேன். ஒரு நாள் சுருங்கியே இருந்தது. மறுநாள் காலையில் அம்மாதான் முதலில் பார்த்து என்னை எழுப்பினாள்.

2024இல் உலகெங்கும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டாள், நம் பக்கத்திலும் கல்லெல்லாம் வெளுத்துக் கிடப்பதாக மீன்பிடிக்கப் போகிறவர்கள் சொல்கிறார்களே, நீ சில்லரை நம் கடலுக்குப் போட முடியாதா என்று. கேலி செய்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேச்சு வேறு எங்கெங்கோ போயிற்று, தங்கையின் மாமியார், மழை, கரண்ட் பில். வைக்கும் முன் எப்போதும் கேட்பதை அன்றும் கேட்டாள்.

"கல்லுக்குச் சுண்ணாம்பு வச்சியா?"

வைத்தேன் என்றேன். வைத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கலக்கினேன்.